மூங்கில் பெருக்கம்: தட்பவெப்பத்துக்கு ஏற்ற வகையைத் தேர்வதிலிருந்து கன்றை வயலில் நடுவது வரை

மூங்கில் தண்டைத் துண்டாக வெட்டி ஈரமண்ணில் புதைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் கணுக்களில் பச்சை துளிர்க்கும். ஆறாவது வாரத்தில் இலை விரிந்து கன்று பிழைத்துவிட்டது போலவே தோன்றும். நான் முதன்முதலில் வைத்த இருபது கரணைகளில் பதினான்கு அப்படித் துளிர்த்தன. ஏழாவது வாரத்தில் ஒன்றை மெல்லத் தூக்கிப் பார்த்தபோது, வைத்த அன்று இருந்தது போலவே அதன் அடிப்பகுதி வழுவழுப்பாக இருந்தது. ஒரு வேர்கூட இறங்கவில்லை. அந்த இலைகளெல்லாம் தண்டில் ஏற்கெனவே இருந்த மாவுச்சத்தையும் ஈரத்தையும் செலவழித்து வந்தவை. சேமிப்பு தீர்ந்ததும் ஒவ்வொன்றாகக் காய்ந்து, மூன்றாம் மாத இறுதியில் மூன்று மட்டுமே எஞ்சின.

மூங்கில் கன்று பிழைப்பதற்கு மூன்று நிகழ்வுகள் வரிசையாக நடக்க வேண்டும். இலை வர வேண்டும், பிறகு வேர் இறங்க வேண்டும், அதற்கும் பிறகு மண்ணுக்குள் கிழங்கு உருவாகி அதிலிருந்து ஒரு புதிய முளை தானாக வெளியே வர வேண்டும். மூன்றாவது நிகழாத எந்தக் கன்றையும் நிலைத்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. எந்த வகையைத் தேர்வது, எந்த முறையில் பெருக்குவது, எப்போது இடம் மாற்றுவது ஆகிய எல்லா முடிவுகளும் இந்தக் கிழங்கைச் சுற்றியே அமைகின்றன என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிழங்கின் இரு வகைகள்

மூங்கில் ஒரு புல். 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள இந்தக் குடும்பப் பிரிவில், தாவரவியலார் மட்டநிலத்தண்டு என்று குறிப்பிடும் கிழங்கு பெரும்பாலும் இரண்டு விதமாக அமைந்திருக்கிறது. புதர் வகையில் கிழங்கு குட்டையாகவும், அதிலிருந்து எழும் தண்டைவிடப் பருமனாகவும் இருக்கும். அதன் நுனி மேல்நோக்கி வளைந்து தானே தண்டாகிவிடுவதால் தண்டுகள் நெருக்கமாகக் குவிகின்றன. பம்பூசா, டென்ட்ரோகலாமஸ், குவாடுவா, ஃபார்ஜீசியா ஆகிய பேரினங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஓடும் வகையில் கிழங்கு மெல்லியதாகவும் நீளமாகவும் மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும். அதன் கணுக்களிலுள்ள மொட்டுகளில் சில மட்டும் தண்டாக எழும். ஃபில்லோஸ்டாக்கிஸ் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

இந்தப் பிரிவில் தடுமாறச் செய்யும் சில இனங்களும் உண்டு. மெலோகன்னா பாசிஃபெரா கிழங்கின் அமைப்பால் புதர் வகைதான் என்றாலும், அதன் கிழங்குக் கழுத்து மிக நீளமானது என்பதால் தண்டுகள் விலகி விலகி எழுந்து நிலம் முழுவதும் பரவும். குவாடுவாவுக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. ஆகவே புதர் வகை என்று சொல்லி ஒரு கன்று கிடைத்தால், அது நெருக்கமாக வளர்வதா விலகி வளர்வதா என்பதையும் கேட்டறிந்த பின்னரே எல்லைச் சுவருக்கு அருகில் நட வேண்டும்.

இரு வகைக்கும் பொதுவான ஓர் இயல்பை நினைவில் நிறுத்த வேண்டும். மூங்கில் முளை எந்தப் பருமனில் மண்ணைவிட்டு வருகிறதோ, அந்தப் பருமன் அதன் வாழ்நாள் முழுவதும் மாறாது. இரண்டு மூன்று மாதங்களில் அது முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பின் உயரமும் கூடாது, தடிமனும் கூடாது, தண்டு முற்றி வலுப்பெறுவது மட்டுமே நடக்கும். விரல் தடிமனில் வந்த கழி என்றைக்கும் விரல் தடிமன்தான். கிழங்கு வளர வளர அடுத்த ஆண்டின் முளை பருக்கும்.

உங்கள் தட்பவெப்பத்தை அறிதல்

வகையைத் தேர்வதற்கு முன் இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் உங்கள் இடத்தில் வெப்பநிலை அதிகபட்சம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஒன்று. மழையே இல்லாமல் தொடர்ந்து எத்தனை மாதங்கள் கழிகின்றன என்பது மற்றொன்று. ஆண்டுச் சராசரி வெப்பநிலை இதற்கு உதவாது. ஒரே ஓர் இரவின் உறைபனியே வெப்பமண்டல மூங்கிலைத் தரைமட்டம் வரை கருக்கிவிடப் போதுமானது.

உறைபனியே இல்லாத, நான்கைந்து மாதங்கள் வறண்டு கிடக்கும் இடங்களுக்குக் கல் மூங்கில் எனப்படும் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் மிகப் பொருத்தமானது. ஆண்டுக்கு 750 மில்லிமீட்டர் அளவு மழையிலும் அது தாக்குப்பிடிக்கும். வறட்சி கடுமையானால் இலைகளை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வறண்ட இடங்களில் அதன் தண்டு ஏறக்குறையக் கெட்டியாகவே இருப்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். முள் மூங்கிலும் வறட்சி தாங்கும் என்றாலும், அதன் முட்கிளைகள் புதரின் அடியில் பின்னிக்கொண்டு உள்ளே கைவிட முடியாதபடி செய்துவிடுவதால், வேலிக்கு வேண்டுமென்றால் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

மழை மிகுந்து, ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் இடங்களில் தேர்வு விரிவடைகிறது. டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர், டென்ட்ரோகலாமஸ் ஜைஜான்டியஸ், பம்பூசா பால்கூவா, பம்பூசா வல்காரிஸ், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட குவாடுவா அங்குஸ்டிஃபோலியா ஆகியவை இங்கே முழு வளர்ச்சியை எட்டும். இவற்றுள் ஜைஜான்டியஸ், குவாடுவா, வல்காரிஸ் ஆகிய மூன்றும் உறைபனியைச் சற்றும் விரும்பாதவை; 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே இலை கருகும்.

குளிர்காலத்தில் சில இரவுகள் மட்டும் உறைபனி விழும் மிதவெப்பப் பகுதிகளுக்குப் புதர் வகையிலேயே குளிர் தாங்கும் சில இனங்கள் உள்ளன. பம்பூசா ஓல்ட்ஹாமி ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரி வரையும், பம்பூசா மல்டிபிளெக்ஸ் மைனஸ் 9 டிகிரி வரையும் தாங்கும். உயிர்வேலிக்கு மல்டிபிளெக்ஸைவிடப் பொருத்தமான மூங்கிலை நான் கண்டதில்லை; மெல்லிய தண்டுகள், அடியிலிருந்தே கிளைகள், எல்லை மீறாத கிழங்கு எனத் தேவையானவை அனைத்தும் அதில் இருக்கின்றன.

குளிர் உண்மையிலேயே கடுமையான இடங்களில் தேர்வு பெரும்பாலும் இரண்டு பேரினங்களாகச் சுருங்கிவிடுகிறது. ஃபில்லோஸ்டாக்கிஸ் பேரினத்தில் மோசோ எனப்படும் எடுலிஸ் இனமும், கருமூங்கிலான நைக்ராவும் மைனஸ் 15 டிகிரி வரையிலும், ஆரியோசல்கேட்டா, பிஸ்ஸெட்டி ஆகியவை மைனஸ் 23 டிகிரி வரையிலும் தாங்கும். சீனத்து மலைகளிலிருந்து வந்த ஃபார்ஜீசியா இனங்களுள் ரூஃபா, நிட்டிடா, மியூரியலே ஆகியவற்றுக்கும் இதே அளவு குளிர்வலிமை உண்டு. அத்துடன் அவை புதர் வகை என்பதால் சிறு தோட்டங்களுக்கு ஏற்றவை. ஆனால் ஃபார்ஜீசியாவுக்குக் கோடையின் வெப்பமும் இரவுப் புழுக்கமும் ஆகாது. குளிர் தாங்குகிறது என்பதற்காக அதை வெப்பமான சமவெளியில் நட்டால் இரண்டாம் கோடையில் அது மெலிந்து போகும். மோசோவையும் வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் நட்டுப் பயனில்லை. வசந்தத்தில் முளைவிட அதற்கு ஒரு தெளிவான குளிர்காலம் தேவைப்படுகிறது.

மேலே உள்ள எண்களெல்லாம் சில ஆண்டுகள் வேரூன்றிய புதருக்கு உரியவை. இளங்கன்று அதைவிடப் பல டிகிரி மென்மையானது. தொட்டியில் வைத்த மூங்கிலுக்கு நிலத்தின் போர்வை இல்லாததால் அதன் கிழங்கும் காற்றின் குளிரையே நேரடியாகப் பெறுகிறது. குளிர் முதலில் இலையையும், அடுத்துத் தண்டையும், கடைசியாகவே கிழங்கையும் கொல்லும் என்பதால், மேலே எல்லாம் கருகிப் போன புதரை அவசரப்பட்டுத் தோண்டி எறியக் கூடாது. மண்மேல் பரப்பிய இலைதழை மூடாக்கின் அடியில் கிழங்கு பிழைத்திருந்தால் அடுத்த பருவத்தில் முளை வரும்.

மண்ணைப் பொறுத்தவரை, லேசான அமிலத்தன்மையும் நல்ல வடிகாலும் இருந்தால் போதும். மூங்கில் நீரை விரும்பும், ஆனால் தேங்கிய நீரில் அதன் வேர் அழுகும். இதற்கு விலக்காக ஃபில்லோஸ்டாக்கிஸ் ஹெட்டிரோகிளாடாவின் கிழங்கில் காற்றுக் குழல்கள் இருப்பதால் அது ஈரச் சதுப்பிலும் வளரும்.

தாய்ப்புதரைத் தேர்தல்

கன்று எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் புதர் கடைசியாக எப்போது பூத்தது என்பது. பல மூங்கில் இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிந்துவிடுகின்றன. மெலோகன்னாவுக்கு இந்தச் சுழற்சி ஏறத்தாழ 48 ஆண்டுகள். ஃபில்லோஸ்டாக்கிஸ் பம்பூசாய்டஸுக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள். வெட்டி எடுத்த கரணை தாயின் வயதையும் சேர்த்தே சுமந்து வருகிறது. ஃபார்ஜீசியா மியூரியலேயின் கதை இதற்குச் சான்று: 1907-இல் சீனாவின் ஹூபே மலைகளில் தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் சேகரித்ததிலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கப்பட்ட செடிகளே ஐரோப்பியத் தோட்டங்களெங்கும் பரவியிருந்தன, 1980-களிலும் 1990-களிலும் அவை நாடு வேறுபாடின்றிப் பூத்து மடிந்தன. ஆகவே அண்மையில் விதையிலிருந்து வளர்ந்த புதர் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பூக்கத் தொடங்கிவிட்ட புதரிலிருந்து கரணை எடுப்பது வீண் வேலை. அதன் மொட்டுகள் வேருக்குப் பதிலாகப் பூவையே தரும்.

அடுத்தது தண்டின் வயது. கரணைக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வயதுள்ள தண்டு வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். இந்த ஆண்டின் தண்டில் கணுவைச் சுற்றி உறையின் எச்சம் ஒட்டியிருக்கும், கணுவுக்குக் கீழே வெண்ணிற மாவு படிந்திருக்கும், நிறம் பளிச்சென்று இருக்கும். கிளைகள் இன்னும் முழுமையாக விரிந்திருக்காது. அடுத்த ஆண்டில் உறைகள் உதிர்ந்து, மாவு மங்கி, கிளைகள் நன்கு அமைந்திருக்கும். இதுவே உகந்த பருவம். மூன்றாண்டைக் கடந்த தண்டின் தோல் சாம்பல் பூத்து, பாசித் திட்டுகளுடன் மங்கிக் கிடக்கும். நான் முதலில் எடுத்த கரணைகள் இப்படிப்பட்ட முதிர்ந்த தண்டிலிருந்து வந்தவை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

புதர் வகை: கிழங்கோடு பிரித்தல்

குறைந்த எண்ணிக்கையில் உறுதியான கன்றுகள் போதுமென்றால் இதுவே நம்பகமான முறை. கிழங்கு ஏற்கெனவே இருப்பதால் மேலே சொன்ன மூன்றாவது நிகழ்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வறண்ட பருவத்தின் இறுதியில், புதிய முளைகள் எழுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

புதரின் வெளிவிளிம்பில் ஓராண்டு அல்லது ஈராண்டுத் தண்டு ஒன்றைத் தேர்ந்து, தரையிலிருந்து மூன்று நான்கு கணுக்களுக்கு மேல் சாய்வாக அறுத்துவிடுங்கள். பிறகு அதன் அடியில் மண்ணைக் கவனமாக விலக்கினால், தாய்க்கிழங்கோடு அது இணையும் குறுகிய கழுத்துத் தெரியும். அந்தக் கழுத்தில்தான் வெட்ட வேண்டும். கூர்மையான கடப்பாரையை அங்கே வைத்து ஒரே வீச்சில் துண்டிப்பது நல்லது. கிழங்கின் இரு பக்கங்களிலும் பறவையின் அலகு போலக் கூர்த்த மொட்டுகள் இருக்கும். இவை நசுங்கிவிட்டால் மேலே எத்தனை இலை இருந்தாலும் அந்தக் கன்றால் பயனில்லை. எடுத்த உடனே ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே நடுங்கள். முன்பு மண்ணுக்குள் இருந்த ஆழத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாகப் புதைத்தால் போதும்.

ஓடும் வகை: கிழங்குத் துண்டு

ஃபில்லோஸ்டாக்கிஸின் தண்டுக் கரணை வேர்விடுவதில்லை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் கிழங்கே கரணை. குளிர்காலத்தின் இறுதியில், மொட்டுகள் பருக்கும் முன், மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும் ஈராண்டு மூன்றாண்டுக் கிழங்கை 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பத்துக் கணுக்களாவது, உயிருள்ள வேர்களுடனும் சேதமடையாத மொட்டுகளுடனும் இருக்க வேண்டும். கறுத்துச் சுருங்கிய கிழங்கில் மொட்டுகள் செத்திருக்கும். துண்டுகளைக் கிடைமட்டமாக 10 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து மூடி, வேர்கள் காயாதபடி ஈரம் காக்க வேண்டும். முதலில் வரும் தண்டுகள் ஈர்க்குச்சி போல மெலிந்திருக்கும், அது இயல்பே.

தண்டுக் கரணை

பெருமளவில் கன்று வேண்டுவோர்க்கு உரிய முறை இது. தவறுகளும் இதில்தான் அதிகம். தடித்த சுவரும் பருத்த கிளைகளும் கொண்ட புதர் வகைகளில் மட்டுமே இது பலிக்கும். பம்பூசா வல்காரிஸ், குவாடுவா, பம்பூசா பால்கூவா ஆகியவை நன்றாக ஒத்துழைக்கும். புதிதாகத் தொடங்குவோர் வல்காரிஸில் பழகிக்கொண்டால் கை படிந்துவிடும்.

தேர்ந்த தண்டை அதிகாலையில் அறுத்து, உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். அடிப்பகுதியையும் மெல்லிய நுனியையும் நீக்கி, நடுப்பகுதியை இரண்டு கணுக்கள் கொண்ட துண்டுகளாக, ஒவ்வொரு முனையிலும் கணுவைத் தாண்டி 5 முதல் 8 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு, நுண்பல் வாளால் அறுக்க வேண்டும். அரிவாளால் வெட்டினால் தண்டு பிளந்து, பிளவின் வழியே அழுகல் கணுவரை ஏறிவிடும். கிளைகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். கிளையின் அடியில் வீங்கினாற்போல் இருக்கும் பகுதியில்தான் வேரும் முளையும் தோன்றும் மொட்டுகள் ஒளிந்திருக்கின்றன. அதன் தோல்கூட உரியக் கூடாது.

இனி இரண்டு கணுக்களுக்கு நடுவில், கணுவிடையின் மையத்தில், இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளையிடுங்கள். மூங்கில் கணுக்களில் கிளைகள் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருப்பதால், கரணையைப் படுக்கவைக்கும்போது ஒரு கணுவின் மொட்டு இடப்புறமும் மற்றதன் மொட்டு வலப்புறமும் வரும். அந்த நிலையில் மேல்நோக்கி இருக்கும் பக்கத்தில் துளை அமைய வேண்டும். துளை வழியே உட்குழியில் நீரையோ, லிட்டருக்கு 100 மில்லிகிராம் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் கலந்த வேர்த்தூண்டிக் கரைசலையோ 100 மில்லிலிட்டர் அளவுக்கு ஊற்றி, பாலித்தீன் பட்டையால் இறுகக் கட்டிவிடுங்கள். இந்த அமிலம் நேரடியாக நீரில் எளிதில் கரையாது. சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்த பின்னரே நீரோடு சேர்க்க வேண்டும்.

ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியில் மணலும் மண்ணும் கலந்து, கரையான் தொல்லை இருந்தால் வேப்பம்புண்ணாக்கும் இட்டு, கரணைகளைப் படுக்கவைத்து 5 சென்டிமீட்டர் மண்ணால் மூடுங்கள். பாதி வெயில் மட்டும் விழும்படி நிழல்வலை கட்டி, நாள்தோறும் இருவேளை பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். மண் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர வேண்டும். சேறாக இருந்தால் கரணை அழுகும்.

பிறகு பொறுமை. துளிர் கண்டதும் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த ஓர் இழுப்பில் அப்போதுதான் எட்டிப் பார்க்கும் வேர்நுனி முறியும். வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். துளிர்த்த தண்டின் அடியில் மண்ணைக் கீறிக்கொண்டு, அந்தத் துளிர்த்தண்டைவிடச் சற்றுத் தடித்த ஒரு கூர்முளை தனியே எழுகிறதா என்று பாருங்கள். அது கிழங்கு உருவானதன் அடையாளம். அதன் பின்னரே கரணையைத் தோண்டி, இரண்டு கணுக்களும் பிழைத்திருந்தால் நடுவில் அறுத்து இரண்டாக்கி, பைகளில் மாற்ற வேண்டும்.

டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் போன்ற பருத்த இனங்களில், கிளையின் அடியில் ஏற்கெனவே வேர்முனைகள் தென்படும். தாய்த்தண்டை வீழ்த்தாமல் அந்தக் கிளைகளை மட்டும் அடிவீக்கத்தோடு சேர்த்து அறுத்து, மூன்று கணுக்கள் அளவில் நறுக்கி நடலாம். தாய்ப்புதருக்குச் சேதமில்லை என்பதால், அந்த இனங்களில் நான் இதையே விரும்புவேன்.

விதை

கிடைப்பது அரிது, கிடைத்தால் தவறவிடக் கூடாது. பெரும்பாலான மூங்கில் விதைகளின் முளைப்புத்திறன் ஓரிரு மாதங்களிலேயே வேகமாகக் குறைவதால், பெற்ற உடனே ஒரு நாள் நீரில் ஊறவைத்து நிழலில் விதைக்க வேண்டும். எலிகளிடமிருந்து காப்பது கட்டாயம். நாற்றுகள் சில மாதங்களில் பக்கத்தூர்களை விடும்; அப்போது ஒவ்வொன்றிலும் சிறு கிழங்கு, வேர், தண்டு மூன்றும் இருக்கும்படி பிரித்துப் பிரித்துப் பெருக்கலாம். நாற்று ஒவ்வொன்றும் குணத்தில் வேறுபடும் என்பதால், வீரியமானவற்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்.

வயலில் நடுதலும் முதல் மூன்று ஆண்டுகளும்

மழைக்காலத் தொடக்கத்தில், குளிர்ப்பகுதியில் உறைபனி அடங்கிய பின், நடுங்கள். பெரிய புதர் வகைகளுக்கு 5 முதல் 6 மீட்டர் இடைவெளியும், வேலிக்கு ஒரு மீட்டரும் போதும். குழியில் தொழுஉரம் இட்டு, மேலே தடித்த மூடாக்குப் போடுங்கள். மூங்கிலின் உதிர்ந்த இலைகளையே மூடாக்காக விட்டுவைப்பது நல்லது. அதிலுள்ள சிலிக்கா மறுபடியும் செடிக்கே போய்ச் சேரும்.

ஓடும் வகையை நடுவோர், நடும் நாளிலேயே அரண் அமைக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அண்டை வீட்டாரின் நிலத்தில் போய் முடியும். 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடித்த பாலித்தீன் தகட்டை, மேல்விளிம்பு வெளிப்புறம் சற்றுச் சாய்ந்திருக்கும்படியும் தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் தெரியும்படியும் புதையுங்கள். கிழங்கு தகட்டில் மோதி மேல்நோக்கித் திரும்பும். விளிம்பைத் தாண்ட முயலும்போது கண்ணில் படும், அப்போது வெட்டிவிடலாம்.

முதல் ஆண்டில் மண் காயாமல் பார்த்துக்கொள்வதே முக்கியமான பணி. நண்பகலில் இலை நீளவாக்கில் சுருண்டு மாலையில் விரிந்தால் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். மாலையிலும் விரியாவிட்டால் உடனே நீர் தேவை. வந்த மெல்லிய தண்டுகள் எவ்வளவு நோஞ்சானாகத் தெரிந்தாலும் அவற்றை வெட்டக் கூடாது. கிழங்குக்கு மாவுச்சத்தை அனுப்புபவை அந்த இலைகளே. இரண்டாம் ஆண்டில் முளைகளின் தடிமனை அளந்து குறித்து வைத்து, மூன்றாம் ஆண்டு முளைகளோடு ஒப்பிடுங்கள். அவை முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகப் பருத்து வந்தால், அடுத்த வறண்ட பருவத்தின் இறுதியில் வெளிவிளிம்பிலிருந்து உங்கள் முதல் கன்றைப் பிரித்தெடுக்கலாம்; பருக்கவில்லையென்றால் கடப்பாரையை இன்னும் ஓராண்டு எடுக்காதீர்கள்.